இரண்டு ஓட்டைத் தூரம்

லாயத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். தீவனம் இறக்க வரும் லாரிக்காரர் முதல் தலை முழுக்க நரைத்த லாடக்காரர் வரை அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். முறைப்படி அவளை அப்படிக் கூப்பிட வேண்டியவன் ஒருவன்தான். அவன்தான் லாயத்துக்கு முதலாளி. அவளோடு கூடப்பிறந்த தம்பி.

குதிரை வாங்க ஆட்கள் வந்தால் தம்பி அவளை அறிமுகப்படுத்தும் விதமே தனி.

"இது எங்க அக்கா. ஒரு காலத்துல குதிரை மேல உக்காந்தா எறங்கவே மாட்டா. அப்புறம் ஒருநாள் ஒரேயடியா எறங்கிட்டா. பட்டையைச் சரியா கட்டாம ஏறினா அதான் கதி!"

வந்தவர்கள் அவளுடைய வலது காலைப் பார்ப்பார்கள். அந்தக் காலுக்கு மட்டும் அடி தடித்த செருப்பு. பார்த்த பிறகு சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சிரிப்பார்கள். அக்கா வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். அவளுக்கு ஏற்கெனவே பேச்சு குறைவு. இடுப்பு ஒடிந்து மாதக்கணக்கில் கூரையைப் பார்த்துக் கிடந்தபோது மிச்சமிருந்த பேச்சும் வற்றிப்போனது. மனசு மட்டும் வற்றவில்லை. அதில் ஒரே ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

'நான் பாத்துட்டேன்க்கா, ஏறு.'

அப்பா இருந்த காலத்தில் லாயத்துக்கு ஒரு சட்டம் உண்டு. சேணத்தை யார் வேண்டுமானாலும் பூட்டலாம். ஆனால் குதிரையின் வயிற்றைச் சுற்றி அந்தச் சேணத்தை இறுக்கிப் பிடிக்கும் பட்டையை, ஏறுகிறவர் தன் விரலை உள்ளே விட்டுப் பார்க்காமல் ஏறக் கூடாது. அப்பா அதை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். அவள் விழுந்தது, ஊரையே கூட்டிக் குதிரைகளைக் காட்டும் நாளில். அடுத்த பருவத்திலிருந்து லாயத்தை மகள்தான் பார்த்துக்கொள்வாள் என்று அப்பா முடிவு செய்திருந்த நேரம். தம்பி சேணம் பூட்டினான். அவள் பட்டையில் விரல் விடப் போனாள். அவன் சொன்னான்: நான் பாத்துட்டேன்க்கா, ஏறு. கூடப்பிறந்தவன் சொல்கிறான் என்று ஏறினாள். முதல் தடையைத் தாண்டும்போதே சேணம் அவளோடு சேர்ந்து பக்கவாட்டில் சரிந்தது.

ஆஸ்பத்திரியில் அப்பா கேட்டது ஒரே கேள்விதான். "பட்டையைப் பாத்தியா இல்லையா?" அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி ஜன்னலைப் பார்த்தான். "நான் ஒண்ணும் சொல்லலையேப்பா. அவளே பாத்துட்டு ஏறினாள்னுதான் நினைச்சேன்" என்றான். அப்பா அதை நம்பியே செத்துப்போனார்.

அவன் பார்க்காமலே பார்த்ததாகச் சொன்னான். மாட்டிக்கொண்டதும் சொல்லவே இல்லை என்றான். இந்தப் பொய்யைத்தான் அக்கா இத்தனை வருஷமாக மென்றுகொண்டிருந்தாள். அதை அவன் வாயால் கக்க வேண்டும். இல்லையென்றால், அவள் விழுந்த அதே திடலில், அதே ஆட்களுக்கு முன்னால் அவனும் விழ வேண்டும். இரண்டில் ஒன்று நடக்காமல் அவளுக்குச் சோறு செரிக்காது.

அந்த வருஷம் இரண்டு குட்டிகள் ஒரே சமயத்தில் தாய்ப்பால் மறந்தன. ஒன்று செம்பு நிறம். அதற்குச் செம்பன் என்றே பேராகிவிட்டது. இன்னொன்று பிறந்தபோது கரி போலக் கறுப்பு. ஆனால் கண்ணோரத்திலும் காதோரத்திலும் சாம்பல் பூக்கத் தொடங்கியிருந்தது. வளர வளர வெளுக்கப் போகிற ஜாதி. அதற்குப் புகை என்று பேர் வைத்தாள்.

தம்பி வந்து பார்த்தான். குதிரையைக் கண்ணால் எடை போடுவதில் அவன் கெட்டிக்காரன். சாணம் அள்ளுவதுதான் அவனுக்கு ஆகாது.

"இந்தச் சாம்பல் எனக்கு. போட்டோவுல சும்மா ஜம்முனு விழும். ரெண்டையும் நீயே பழக்கிடுக்கா. உன் கை ராசியான கை, காலுதான் சரியில்ல."

"சரி" என்றாள் அக்கா.

அந்தச் சரியைச் சொல்லும்போதே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

இரண்டு குட்டிகளை ஒரே நேரத்தில் வளர்ப்பவர்கள் முதலில் செய்வது அவற்றைப் பிரிப்பதுதான். ஒன்றின் மூச்சு இன்னொன்றுக்குக் கேட்காத தூரத்தில் கொட்டடி. ஒன்று புல் தின்னும்போது இன்னொன்றுக்கு நடை. தினமும் கொஞ்ச நேரமாவது ஒவ்வொன்றும் தனியாக, மனிதரோடு மட்டும் இருக்க வேண்டும். அப்போதுதான் பயம் வரும்போது குட்டி மனிதரைத் தேடும். சேர்த்தே வளர்த்தால் அது தன் ஜோடியைத்தான் தேடும். மேலே உட்கார்ந்திருப்பது யாராக இருந்தாலும் அதற்கு ஒரு மூட்டைதான்.

அக்கா அவற்றைப் பிரிக்கவில்லை. நடுச்சுவரின் மேல்பாதிப் பலகைகளைக் கழற்றி எடுத்தாள். ஒரே தொட்டியில் தீனி வைத்தாள். ஒன்றைத் தேய்த்துவிட்ட துணியாலேயே இன்னொன்றையும் தேய்த்தாள். நடைக்குப் போனால் இரண்டு கயிறும் அவள் ஒரே கையில். மழையோடு இடி இடித்த நாட்களில் இரண்டும் கழுத்தோடு கழுத்து பின்னிக்கொண்டு நிற்கும். அவள் போய்த் தட்டிக்கொடுக்கவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைத் தேட வேண்டிய கண்கள் தன்னைத் தேடாமல் இருப்பதைப் பார்ப்பது அவளுக்குப் புதிய வலியாக இருந்தது. அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினாள்.

மற்றபடி பயிற்சியில் ஒரு குறை சொல்ல முடியாது. நில் என்றால் நின்றன. கடிவாளத்தை வெண்ணெய் போல வாயில் வாங்கிக்கொண்டன. நீளக்கயிற்றின் நுனியில் வட்டமாக ஓடும்போது அவள் நாக்கைச் சொடுக்கினால் வேகம், மூச்சை விட்டால் நடை. ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும்வரை இன்னொன்று தங்கம். படாவிட்டால் என்ன ஆகும் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

லாடக்காரருக்கும் ஒருநாள் தெரிந்துவிட்டது. செம்பனின் பின்னங்காலை மடியில் தூக்கி வைத்துக் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தவர், இடம் போதவில்லை என்று புகையை வெளிச்சுவருக்கு அந்தப் பக்கம் கட்டச் சொன்னார். புகையின் வால் மறைந்ததுதான் தாமதம். செம்பன் கத்திய கத்தலில் கூரைப் புறாக்கள் பறந்தன. லாடக்காரர் ஓரடி தள்ளிப் போய் விழுந்தார்.

"என்ன அக்கா, குதிரை வளக்கறீங்களா, இல்ல ரெண்டுக்கும் கல்யாணம் பண்ணி வச்சிட்டீங்களா?" மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "ஒண்ணு தும்மினா இன்னொண்ணு மூக்கைச் சிந்தும் போல. பிரிச்சு வளக்கணும்னு எனக்கே சொல்லிக் குடுத்தவரு உங்க அப்பா. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

அவர் கையில் இருந்த கத்தி அப்படியே நின்றது. "தெரிஞ்சுமா?"

அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் போனாள். புகையை அவிழ்த்துக்கொண்டு வந்து செம்பனின் பக்கத்தில் நிறுத்தினாள். இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்து மூச்சை மாற்றிக்கொண்டன. லாடக்காரர் வேலையை முடித்தார். கிளம்பும்போது மட்டும் சொன்னார்:

"ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. வெளிய போறது எப்படியோ சமாளிச்சுக்கும். அதுக்கு முதுகு மேல ஆளு இருக்கு, வேலை இருக்கு. கொட்டடியில நிக்குதே, அதுக்குத்தான் உயிர் போகும். கதவை உடைச்சுக் காலை ஒடிச்சுக்கிட்ட குதிரைங்களை நான் பாத்திருக்கேன்."

அக்காவின் காதில் அது விழுந்தது. மனசில் விழவில்லை. அவள் போட்ட திட்டத்தில் புகை இருந்தது, தம்பி இருந்தான், திடல் இருந்தது. செம்பன் இல்லவே இல்லை. வெறும் குரலாக மட்டும்தான் இருந்தான்.

புகைக்கு முதுகு உறுதிப்பட்டதும் தம்பி ஏறத் தொடங்கினான். அவன் ஏறும்போதெல்லாம் அக்கா செம்பனைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு திடலின் மூலையில் நிற்பாள். தம்பிக்கு அதில் எந்தச் சந்தேகமும் வரவில்லை. அவனுக்குச் சந்தேகம் எல்லாம் வேறொன்றில். சேணத்தை யார் பூட்டினாலும் பட்டையை அவனே வந்து இறுக்குவான். விரலை விட்டுப் பார்ப்பான். ஏறப் போய், மறுபடி இறங்கிப் பார்ப்பான்.

"உங்க தம்பிக்குப் பொண்டாட்டி மேல கூட நம்பிக்கை இருக்கு அண்ணி, அந்தப் பட்டை மேல இல்ல" என்பாள் தம்பியின் மனைவி, டீயைக் கொண்டுவந்து நீட்டிக்கொண்டே. கெட்ட மனசு இல்லாதவள். வீட்டுக்கும் லாயத்துக்கும் நடுவே அக்காவோடு இரண்டு வார்த்தை பேசுகிற ஒரே ஆள். "ஏன் இப்படிப் பயப்படறாரு?"

"அப்பா சொன்ன சட்டம்" என்றாள் அக்கா. அதற்கு மேல் அவளும் யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம்.

குதிரைகளைக் காட்டும் நாளும் வந்தது. திடலைச் சுற்றி நாற்காலிகள். வாங்க வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், அப்பாவின் பழைய கூட்டாளிகள். அவள் விழுந்ததைப் பார்த்த முகங்கள் பாதிக்குமேல் அங்கே இருந்தன. அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

"செம்பனை உள்ளயே கட்டிடுக்கா" என்றான் தம்பி. "இன்னிக்கு ஹீரோ ஒருத்தர்தான்."

அவளாகச் சொல்ல வேண்டியிருக்குமோ என்று நினைத்திருந்தாள். அவனே சொல்லிவிட்டான். "சரி" என்றாள்.

தம்பி பட்டையை இறுக்கினான். விரல் விட்டுப் பார்த்தான். அதற்குள் யாரோ கூப்பிட, கைகுலுக்கிவிட்டு வரப் போனான். அதுவரை அக்காதான் புகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்த அவசரத்தில் மறுபடி பட்டையைப் பார்க்காமலே ஏறினான். திடலுக்குள் போனான். அக்கா செம்பனின் கொட்டடிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே கைதட்டல் கேட்டது.

முதலில் செம்பன் காதுகளை நிமிர்த்தினான். பிறகு ஒரு கனைப்பு. திடலிலிருந்து உடனே பதில் கனைப்பு வந்தது. கூட்டத்தில் 'ஐயோ' என்று ஒரு பெண் குரல். தொடங்கிவிட்டது. அக்கா செம்பனைப் பார்த்தாள். இன்னொரு முறை கூப்பிடுடா, இன்னும் ஒரே ஒரு முறை, என்று மனசுக்குள் சொன்னாள்.

செம்பன் கூப்பிடவில்லை. மோதினான். நெஞ்சைக் கொண்டுபோய்க் கதவில் மோதினான். பின்வாங்கி மறுபடி மோதினான். உடம்பு முழுக்க நுரை. கண்ணில் வெள்ளை மட்டும் தெரிந்தது. முன்னங்காலைத் தூக்கிக் கதவின் மேல் போட்டபோது பலகை பிளந்தது. பிளவுக்குள் குளம்பு சிக்கியது. அவன் இழுத்தான். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து ரத்தம் இறங்கியது. இன்னும் ஓர் இழுப்பில் எலும்பு போய்விடும். லாடக்காரர் சொன்னது இப்போதுதான் அவள் மனசில் விழுந்தது.

வெளியே புகை சுழன்றுகொண்டிருக்கும் சத்தம். இன்னும் கொஞ்ச நேரம் கதவு மூடியிருந்தால் போதும். தம்பி விழுவான். இத்தனை வருஷம் காத்தது இன்னும் கொஞ்ச நேரத்தில் இருந்தது. செம்பனின் காலும் அதே கொஞ்ச நேரத்தில் இருந்தது.

"நாசமாப் போ" என்றாள் அக்கா. யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. தோளைக் கொடுத்துக் குளம்பைத் தூக்கி விடுவித்தாள். தாழ்ப்பாளை இழுத்தாள்.

செம்பன் திடலுக்குள் பாய்ந்தான். தறிகெட்டுச் சுழன்றுகொண்டிருந்த புகை அவனைக் கண்டதும் நேராக ஓடிவந்து நின்றது. இரண்டும் கழுத்தோடு கழுத்து. அவ்வளவுதான், எல்லாம் அடங்கிவிட்டது. புகையின் முதுகில் தம்பி மட்டும் பிடரியைக் கட்டிப் பிடித்தபடி, முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தான். சுதாரித்துக்கொண்டு குதிகாலால் உதைத்தான். புகை நகரவில்லை. சவுக்கால் அடித்தான். புகை தோலைச் சிலிர்த்துக்கொண்டு செம்பனோடு இன்னும் நெருங்கி ஒட்டியது. நாற்காலிகளில் சிரிப்பு கிளம்பியது.

அக்கா விந்தி விந்தித் திடலுக்குள் வந்தாள். தம்பி அவளைப் பார்த்ததும் அவனுக்குத் தெம்பு வந்துவிட்டது.

"பாருங்க எங்க அக்காவை!" என்றான் கூட்டத்தைப் பார்த்து. "இவ கையில பட்டையும் நிக்காது, தாழ்ப்பாளும் நிக்காது!"

சிரிப்பு இப்போது அவள் பக்கம் திரும்பியது. லாடக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

அக்கா நின்றாள். அவள் கையில் செம்பனின் ரத்தம் பிசுபிசுத்தது. பிறகு மெதுவாக நடந்து புகையின் இடது பக்கம் வந்தாள். கடிவாள வாரை ஒரு கையால் பிடித்தாள். இன்னொரு கையைத் தம்பியின் தொடைக்கு அடியில், சேணத்தின் மடிப்புக்குள் விட்டாள். பட்டையின் ஓட்டையில் மாட்டியிருந்த கொக்கி விரலில் பட்டது. அண்ணாந்து பார்த்து, நாற்காலிகளில் இருந்தவர்களுக்கும் கேட்கும் குரலில் சொன்னாள்:

"நான் பாத்துட்டேன் தம்பி. பயப்படாம உக்காரு."

தம்பியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே உறைந்தது.

"என்ன பண்ணினே?"

அவள் கடிவாள வாரை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அக்கா, கையை எடு. நான் அந்தாண்ட போனப்ப என்ன பண்ணினே? பட்டையை என்ன பண்ணி வச்சிருக்கே?"

அவள் கை அங்கேயே இருந்தது. புகை லேசாக எடை மாற்றி நின்றது, சேணம் கிறீச்சென்றது. தம்பி இறங்கிவிடலாம். ஆனால் இறங்க வேண்டுமானால் உடம்பின் மொத்த எடையையும் கால் வைக்கும் ஒரே அங்கவடியில் போட வேண்டும். பட்டை தளர்ந்திருந்தால் சேணம் புரளும். குதிரைக்கு அடியில் போய்விடுவான். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் பிடரியை மறுபடி கட்டிப் பிடித்தான். அவள் ஒன்றுமே செய்திருக்கவில்லை. பட்டை அவன் இறுக்கியது இறுக்கியபடி இருந்தது. அதைச் சொல்லவும் இல்லை. மௌனமாக இருப்பது அவளுக்குக் கைவந்த விஷயம்.

"எத்தனை ஓட்டை?" அவன் குரல் உடைந்தது. "அக்கா, எத்தனை ஓட்டை தளத்தினே? சொல்லு! நான் ரெண்டு ஓட்டைதான் தளத்தினேன்! ரெண்டே ரெண்டு! ஒரு ஆட்டம் ஆடட்டும், அப்பா பாக்கட்டும்னுதான். நீ விழுவேன்னு நான் நினைக்கவே இல்லக்கா!"

அது கடைசி நாற்காலி வரை கேட்டது.

அக்கா மனசுக்குள் திருப்பிச் சொன்னாள்: ரெண்டு ஓட்டை. பார்க்காமல் பார்த்ததாகச் சொன்னான் என்றுதானே இத்தனை நாள் நினைத்திருந்தாள். அவன் பார்த்திருக்கிறான். நன்றாகவே பார்த்திருக்கிறான். அந்த வாக்கியம் பொய்யே இல்லை. அவள் பகைத்தது ஒரு சோம்பேறியை. இத்தனை வருஷமாக அவளுக்குச் சோறு போட்டவன் வேறு ஆள்.

அவள் விரல் கொக்கியின் மேல் இருந்தது. ஒரு நெம்பு போதும். தம்பிக்கும் அது தெரிந்தது. அவன் பார்வை அந்தக் கையை விட்டு அசையவில்லை.

கையை வெளியே எடுத்தாள். கடிவாள வாரைப் புகையின் தலைக்கு மேலாக இழுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். புகை அவளோடு நடந்தது. செம்பன் நொண்டிக்கொண்டு பக்கத்திலேயே வந்தான். தம்பி இறங்கப் பயந்து மேலேயே உட்கார்ந்திருந்தான், முதல் தடவை குதிரையில் ஏற்றிவிட்ட குழந்தையைப் போல. ஒவ்வொரு நாற்காலியையும் கடந்து, அவளுடைய காலின் வேகத்தில், திடலை முழுசாக ஒரு சுற்று சுற்றினாள். அவசரப்படவில்லை. அப்பாவின் கூட்டாளி ஒருவர் எழுந்து நின்றார். இன்னொருவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒருவரையும் அவள் விட்டுவைக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் கார்கள் எல்லாம் போய்விட்டன. அக்கா செம்பனின் காலுக்கு மருந்து போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது தம்பியின் மனைவி வந்து நின்றாள். கையில் டீ இல்லை.

"அண்ணி, ரெண்டு ஓட்டைன்னா எவ்வளவு இருக்கும்?"

அக்கா எழுந்து ஆணியில் தொங்கிய பழைய பட்டையை எடுத்தாள். ஓர் ஓட்டையில் கட்டைவிரலையும் இரண்டு ஓட்டை தள்ளி ஆள்காட்டி விரலையும் வைத்துக் காட்டினாள்.

"இவ்வளவுதான்."

தம்பியின் மனைவி தன் விரல்களால் அந்த இடைவெளியை அளந்து பார்த்தாள். பிறகு விரல்களைச் சேர்க்காமலே, ஏதோ பொருளைப் பிடித்துக்கொண்டு போகிறவள் போல, வீட்டை நோக்கி நடந்தாள்.

அக்கா கழற்றி வைத்திருந்த பலகைகளை எடுத்து வந்து நடுச்சுவரில் ஒவ்வொன்றாக அடித்தாள். புகையை அவிழ்த்துக்கொண்டுபோய், தீவனக் கிடங்குக்கு அப்பால் இருந்த தனிக் கொட்டடியில் விட்டாள். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. இனி எத்தனை மாதம் பிடிக்குமோ. இரண்டு பக்கமும் கத்தல் தொடங்கியது. அவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, செம்பனின் கதவருகில், அவன் அவளைப் பார்க்கும்படி உட்கார்ந்தாள். பகை தீர்ந்ததா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். தீரவில்லை. இத்தனை நாள் அதற்கு அளவு தெரியாமல் இருந்தது, இப்போது தெரிந்திருந்தது.

வாசலில் நிழல் ஆடியது. தம்பி.

"அக்கா" என்றான். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. குதிரைகள் கத்தி ஓய்ந்து, மறுபடி கத்தின. அவள் அவனை நிற்க விட்டாள்.

"நாளையிலேர்ந்து உன் குதிரைக்கு நான்தான் சேணம் பூட்டுவேன்" என்றாள் கடைசியில். "பட்டையையும் நானே இறுக்கறேன். வேற யாரும் அதுல கை வைக்க வேண்டாம், நீயும்தான்."

தம்பி தீவனக் கிடங்குப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"நீ வந்து ஏறினா போதும்."